குடும்பப் பெயர் காணாத உறவு

வேளச்சேரி அடுக்ககங்களின் பெயர்ப்பலகைகளில் தமிழர் பெயர்களுக்கு முன்னே ஓரிரு எழுத்துகள் நிற்கும். முன்னாளில் ஊருக்கோர் எழுத்து, தந்தைக்கோர் எழுத்து. இன்று பெரும்பாலும் தந்தையின் எழுத்து மட்டுமே. அதுவும் ஒரு தலைமுறையோடு மாறிவிடும். சந்திரசேகர வெங்கட ராமன் 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய தமையன் மகனாகிய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983இல் பெற்றார். ராமனின் தந்தையும் சந்திரசேகரின் பாட்டனுமானவரின் பெயர் முன்னவருக்கு முன்னெழுத்தாகவும் பின்னவருக்குத் தம் பெயராகவும் அமைந்தது. உறவறியாதவர்க்கு இவ்விரு பெயர்களும் ஒரு குடியின என்று தோன்றா.

ஐரோப்பாவிலோ, பெரும்பாலும் குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு மாறாமல் செல்கிறது. ஆண்மக்களுக்கே உரிய ஒய் நிறப்புரியும் அவ்வழியே செல்கிறது. பெயர் இவ்வாறு நிலைப்பதால் அதனைக் கொண்டு குருதிவழியை ஆராய அங்குள்ள அறிஞர்கள் முனைந்தனர். ஒரு பெயர் எப்போது அழியும் என்று 1873இல் அவர்களுள் ஒருவரான கால்டன் வினவினார். ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒரு மகனோ அதனினும் குறைவோ எனின், அப்பெயர் என்றேனும் அழிந்தே தீரும். ஒன்றுக்கு மிகுந்தால் நிலைக்கவும் வாய்ப்புண்டு. கால்டனின் வினாவுக்கு விடை தேடிய வாட்சன் 1874இல் எல்லாப் பெயர்களும் அழியும் என்று முடிவு கூறியது பிழையாயினும், அவர் வகுத்த கணக்குமுறை இன்று நோய்ப்பரவல் ஆய்வு வரை பயன்படுகிறது.

எனினும் தமிழர்க்கு நெருக்கமான ஆய்வு 1875இல் வந்தது. சார்லசு டார்வினின் மகன் சியார்ச்சு டார்வின், ஒரே குடும்பப் பெயருடையார் தம்முள் செய்த மணங்களை எண்ணி, இங்கிலாந்தில் நெருங்கிய உறவுமணம் எவ்வளவு என்று மதிப்பிட முயன்றார். சிற்றப்பன் பெரியப்பன் மகளை மணந்தால் இருவர் பெயரும் ஒன்றாகவே இருக்கும். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் பெயர் வேறுபடும். சியார்ச்சின் பெற்றோரின் மணமே அத்தகையது: சார்லசு டார்வின் 1839இல் மணந்த எம்மா வெட்சுவுட்டு, அவருக்குத் தாய்மாமன் மகள். பெயரை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அவ்வுறவு புலப்படாது.

நம்மிடையே நிகழ்வதும் இதுவே. சிற்றப்பன் பெரியப்பன் மகள் நமக்கு உடன்பிறந்தாள் முறை; அவளை மணப்பது பெரும்பாலான தமிழ்க் குடிகளில் விலக்கு. மாமன் மகளும் அத்தை மகளுமே முறைப்பெண்கள். சில குடிகளில் அக்காள் மகளும் உண்டு. நாம் நிலைத்த குடும்பப் பெயர் பூண்டிருந்தாலும், இம்மணங்களில் ஒன்றைக்கூட சியார்ச்சு டார்வினின் முறை காட்டியிராது. ஆனால் மரபியல் பெயரைப் பார்ப்பதில்லை. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தார்க்குப் பிறக்கும் மகவு, ஒரு மரபணுவின் இரு படிகளையும் ஒரே முன்னோரிடமிருந்து பெறும் நிகழ்தகவு 16இல் 1. அக்காள் மகளை மணந்தால் 8இல் 1. அம்முன்னோரிடம் மறைந்திருந்த குறையுள்ள மரபணு இருபுறமும் சேரும்போது பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குருதி நோய்களும் தோன்றக்கூடும்.

இக்காலத்தில் வெளிநாடு செல்வோருள் பலர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் தந்தை பெயரை இடுகின்றனர். அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கும் அப்பெயரே சென்று, பாட்டனின் தனிப்பெயர் குடிப்பெயராக உறைகிறது. வேளச்சேரியிலிருந்து சென்ற இரு உடன்பிறந்தாருள் ஒருவர் தந்தை பெயரையும் மற்றவர் தம் பெயரையே கடைசிப் பெயராகவும் பதிந்தால், அவர்தம் மக்கள் பதிவேட்டில் இருவேறு குடியினர் ஆவர். இதனைக் கொண்டு நாளை எவரேனும் உறவைக் கணித்தால் அக்கணிப்பு தவறும்.

ஆதலின் பெயரை நம்பாதீர்கள். தாய்வழிப் பாட்டன் பாட்டியர், தந்தைவழிப் பாட்டன் பாட்டியர், அவர்தம் உடன்பிறந்தார், யார் யாரை மணந்தார் என்பனவற்றை வீட்டு முதியோர் இருக்கும்போதே கேட்டு ஓர் ஏட்டில் எழுதிவையுங்கள். சொந்தத்தில் திருமணமா என்று மகப்பேற்று மருத்துவர் வினவும்போது அவ்வேட்டைக் காட்டுங்கள்.