நகரசபையும் அரையடிப் படியும்

நகரசபை என்றதும் குப்பை, குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, வீட்டு வரி ஆகியவையே நம்மில் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுகின்றன. மாற்றுத்திறனாளிகளின் நலனோ மாநில அரசாங்கத்தின் ஓர் இலாகாவுக்கும் சில தர்ம ஸ்தாபனங்களுக்கும் உரிய காரியம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவர் தம் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை யாருடைய கைத்தாங்கலும் இன்றிப் போய்ச் சேர முடியுமா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது, நடைபாதையைப் போட்டு அதன் விளிம்பு இத்தனை உயரம் என்று நிர்ணயிக்கிற ஸ்தல ஸ்தாபனமே. டிசம்பர் 3ஆம் தேதியன்று, ஐக்கிய நாடுகள் சபை 1992இல் பிரகடனம் செய்த சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தை முன்னிட்டு, ஊர்தோறும் நிகழும் விழிப்புணர்வுப் பேரணிகளை நான் குறை கூறவில்லை. பேரணி கலைந்த பிறகும் நடைபாதை விளிம்பின் அந்த அரையடிப் படி அங்கேயே இருக்கிறதே என்பதுதான் என் கவலை.

1688ஆம் ஆண்டு பிறந்து இன்று 200 வார்டுகளாக விரிந்திருக்கும் சென்னை மாநகராட்சியையே எடுத்துக்கொள்வோம். மெரினாவின் அகன்ற மணற்பரப்பைக் கடந்து அலையில் கால் நனைப்பது சக்கர நாற்காலிக்காரருக்கு நெடுங்காலம் அசாத்தியமாகவே இருந்தது. வருஷத்தில் சில தினங்கள் மட்டும் போடப்பட்ட தற்காலிகப் பாதையே அவர்களுக்குக் கிட்டிய பாக்கியம். 2022 நவம்பர் 27 அன்று, 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமுமாக, சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய்ச் செலவில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரம் கழியுமுன் மாண்டஸ் புயல் வந்து அதன் கடலோரப் பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பணம் கடலில் கரைந்தது என்று பரிகாசம் செய்தவர்களும் உண்டு. மாநகராட்சி அதைச் செப்பனிட்டு மறுபடியும் திறந்தது. திறப்பு விழாவைக் காட்டிலும் அந்தச் செப்பனிடும் வேலையே விசேஷமானது என்பது என் அபிப்பிராயம்.

கடற்கரை அபூர்வமான இடம்; தினசரி வாழ்க்கையோ தெருவில் நடக்கிறது. சாய்தளம் என்றால் ஓரடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த நீளத்துக்கு இடம் விட மனமில்லாமல் செங்குத்தாகப் பூசிவிட்ட சாய்தளங்கள், மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்தப் பிரயோஜனப்படுமேயன்றி, தன் கை பலத்தால் சக்கரத்தை உருட்டுகிறவருக்கு உதவா. பாதி ஏறுமுன் நாற்காலி பின்னோக்கிச் சரியும். நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளையும் நாம் அலங்காரம் என்றே நினைத்துக் கடந்துவிடுகிறோம். ஜப்பானியரான செய்இச்சி மியாக்கே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்த ஓடுகளின் வழிவந்தவை அவை. நீண்ட வரிகள் உள்ள ஓடு ‘மேலே நட’ என்றும், புள்ளிகள் உள்ள ஓடு ‘நில், கவனி’ என்றும் பார்வையற்றவரின் பாதத்துக்கும் கைக்கோலுக்கும் சொல்கின்றன. ‘மேலே நட’ என்ற வரிசை நேராக ஒரு மின்பெட்டியில் போய் முட்டுமானால், ஓடே பதிக்காமல் விட்டிருப்பது அதைவிடப் புண்ணியம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் வருஷத்து உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, பொதுக் கட்டடங்களைத் தடையற்றவையாக்க ஐந்தாண்டுக் கெடுவும் விதித்தது. கெடு போயிற்று, கட்டடங்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. ஆகவேதான் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இவ்விஷயத்திலுள்ள அளவுகோல்கள் வெறும் யோசனைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இன்னொரு மாறுதலும் நேர்ந்திருக்கிறது. 1950ஆம் வருஷத்து ஒரிஸா நகராட்சிச் சட்டம் தொழுநோயும் காசநோயும் உள்ளவர்களை அங்கத்தினராக இருக்கத் தகுதியற்றவர்களாக்கியிருந்தது. அது செல்லும் என்று 2008இல் உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. அப்படி ஒரு காலம் இருந்த தேசத்தில், ஸ்தல ஸ்தாபனங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கும் மசோதாக்களைத் தமிழகச் சட்டசபை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. சக்கர நாற்காலியில் வரும் ஓர் உறுப்பினருக்காகக் கூட்ட மண்டபத்தின் வாசற்படியைத் திருத்த நேரும்போது பொறியாளர்கள் கற்கும் பாடம் நூறு சுற்றறிக்கைகளாலும் கிட்டாது.

எனினும் நகரசபையின் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. நடைபாதையில் வண்டி ஏறாதிருக்க இரும்புத் தூண்களை நெருக்கி நட்டால் சக்கர நாற்காலியும் நுழையாது. அது நுழையும்படி இடைவெளி விட்டால், அவ்வழியே மோட்டார் சைக்கிளும் நுழைந்துவிடும். இந்தச் சிக்கலை எந்தப் பொறியாளரும் தீர்க்க முடியாது. வண்டியோட்டுகிற நாம்தான் தீர்க்க முடியும். வாசகர்கள் தங்கள் வண்டியை மஞ்சள் ஓட்டின்மீது நிறுத்தாமலும், கடைக்காரர்கள் தங்கள் படியை நடைபாதைக்கு நீட்டாமலும் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.