ஒன்றரை டாலர் பள்ளிக்கூடம்

போன வாரம் மேரியை ஆப்பிரிக்காவின் வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். இந்த வாரம் புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காக முன்கதை சில வரிகளில். அமெரிக்காவின் தென் கரோலினாவில் மேஸ்வில் என்ற ஊர். 1875-இல் அங்கே ஒரு பருத்தி விவசாயக் குடும்பத்தில் 17 பிள்ளைகளில் 15-வதாகப் பிறந்தவர் மேரி மெக்லியாட். அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அம்மா வேலை செய்த வெள்ளைக்காரர் வீட்டில் மேரி ஒருநாள் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார். 'கீழே வை, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே' என்று அந்த வீட்டுச் சிறுமி சொன்னாள். அதன் பிறகு நடந்தே போய்ப் படித்த மிஷன் பள்ளி, டென்வரிலிருந்து முகம் தெரியாத ஒரு தையற்காரப் பெண்மணி அனுப்பிய உதவிப்பணம், கடைசியாகச் சிகாகோவில் மதப்பிரசாரப் பயிற்சி. ஆப்பிரிக்காவுக்கு ஊழியம் செய்யப் போகிறேன் என்று விண்ணப்பித்தார். கறுப்பினத்தவருக்கு அங்கே பணியிடம் இல்லை என்றது திருச்சபை. ஆப்பிரிக்காவில், கறுப்பினத்தவருக்கு!

சில ஆண்டுகள் ஆசிரியர் வேலை. 1898-இல் ஆல்பர்டஸ் பெத்யூனுடன் திருமணம், அடுத்த ஆண்டு ஒரு மகன். 1904-இல் அந்தப் பையனோடு புளோரிடாவின் டேட்டோனா கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தார். ரயில் பாதை போடும் வேலைக்காகக் கறுப்பினக் குடும்பங்கள் அந்தப் பக்கம் குவிந்துகொண்டிருந்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மேரியின் கையில் இருந்தது ஒன்றரை டாலர். அக்டோபர் 3-ஆம் தேதி, வாடகைக்குப் பிடித்த ஒரு சின்ன வீட்டில் ஐந்து சிறுமிகளையும் தன் மகனையும் உட்காரவைத்துப் பாடம் தொடங்கினார். மரப்பெட்டிகளே மேசை நாற்காலி. கரித்துண்டு பென்சில். எல்டர்பெரிப் பழத்தைப் பிழிந்து மை.

பிள்ளைகள் பெருகியதும் இடம் தேவைப்பட்டது. ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக் கிடந்த ஒரு நிலத்தைப் பேசி முடித்தார். முன்பணம் ஐந்து டாலர். அதைக் கட்டுவதற்குக்கூட ஐஸ்கிரீமும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரமும் செய்து கட்டடத் தொழிலாளர்களிடம் விற்றார். சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய் நில உரிமையாளரிடம் கொடுத்தார்.

டேட்டோனா பணக்கார வெள்ளையர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரும் ஊர். சோப்புக் கம்பெனி முதலாளி ஜேம்ஸ் கேம்பிள் அவர்களில் ஒருவர். மேரி அவரிடம் நன்கொடை கேட்கவில்லை, பள்ளியின் அறங்காவலராக இருக்கும்படி கேட்டார். பார்க்க வந்த கேம்பிள், பள்ளி எங்கே என்று சுற்றுமுற்றும் தேடினார். 'என் மனத்தில் இருக்கிறது' என்றார் மேரி. கேம்பிள் சம்மதித்தார். பணம் பின்னால் வந்தது. மேரியின் திறமை எல்லாம் இந்த ஒரு காட்சியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரந்து நிற்பவரிடம் கொடுப்பவன் மறுநாளே மறந்துவிடலாம். பொறுப்பை ஏற்றுக்கொண்டவன் அப்படி நழுவ முடியாது.

பெண்களுக்குச் சமையலும் தையலும் சொல்லிக்கொடுத்தார், பணக்காரர்களின் மனம் குளிர மாணவிகளைப் பாடவைத்தார் என்று அவர்மீது குறை சொன்னவர்கள் உண்டு. குறையில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்கப் பள்ளிக்கு வந்த வெள்ளையர்களுக்குத் தனி வரிசை போட அவர் மறுத்தார். தெற்கில், அந்தக் காலத்தில், அது சாதாரணம் அல்ல.

அவருடைய மாணவி ஒருத்திக்குக் குடல்வால் அழற்சி வந்து, வெள்ளையர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போனபோது அவளைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தார்கள். மேரி சண்டைக்கு நிற்கவில்லை. 1911-இல் தானே ஒரு மருத்துவமனையைத் திறந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யவைத்தார். தேர்தலுக்கு முன்பு முகமூடியும் வெள்ளை அங்கியுமாகக் கூ கிளக்ஸ் கிளான் கும்பல் பள்ளி வளாகத்துக்கு வந்து மிரட்டிப் பார்த்தது. மறுநாள் கறுப்பின வாக்காளர்கள் அவர் தலைமையில் வாக்களிக்கப் போனார்கள்.

இந்த அனுபவங்களோடுதான் அவர் வாஷிங்டனுக்குப் போனார். 1935-இல் கறுப்பினப் பெண்களின் தேசிய கவுன்சிலைத் தொடங்கினார். அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் நெருங்கிய தோழியானார். அடுத்த ஆண்டு, படிப்பைத் தொடர இளைஞர்களுக்குப் பகுதிநேர வேலை தரும் தேசிய இளைஞர் நிர்வாகத்தில் கறுப்பினத்தவர் விவகாரங்களுக்கான பொறுப்பு வந்தது. அரசின் பல துறைகளில் இருந்த கறுப்பின அதிகாரிகளைத் தன் வீட்டுக்கு அழைத்துக் கூடிப் பேசவைத்தார். 'கறுப்பு அமைச்சரவை' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. ஐக்கிய நாடுகள் சபைக்குச் சாசனம் எழுதிய 1945 சான்பிரான்சிஸ்கோ மாநாட்டிலும் அவர் இருந்தார்.

1955-இல் இறந்தார். குப்பைமேட்டில் எழுந்த பள்ளி இன்று பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகம். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு பேருக்குச் சிலை வைக்கலாம். 2022-இல் புளோரிடா தன் சார்பில் மேரியின் சிலையை அங்கே நிறுவியது. அதற்காக அகற்றப்பட்டது, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலப் படைத்தளபதி எட்மண்ட் கிர்பி ஸ்மித்தின் சிலை.

(தொடரும்)