ஒரு நிமிடத்தில் மாறிய மூவாயிரம் விலைகள்

2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. எமது பலசரக்குக் கடையின் கணனியில் சுமார் மூவாயிரம் பொருட்களின் விலைகள் இருந்தன. முதல் நாளிரவு இஷாவுக்குப் பின்னர் அமர்ந்து, எல்லாப் பொருட்களுக்கும் ஒன்றாக 3 வீதத்தைக் கூட்டினேன். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. வாப்பாவின் காலத்தில் இதற்கு ஒரு வாரம் போயிருக்கும்.

மூன்றாம் நாள், எமது வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பற்றுச்சீட்டுடன் வந்தார். "தம்பி, வரி கூடியது சரி. வரியே இல்லாத அரிசிக்கு ஏன் கூடியது? 1,150 ரூபாய் சாமான் 1,180 ஆகத்தானே வரவேண்டும்? 1,184 ரூபாய் 50 சதம் எடுத்திருக்கிறீர்களே" என்றார்.

அவர் சொன்னது சரி. 1,150 ரூபாய் என்பது 15 வீத வரியும் சேர்ந்த விலை. பொருளின் விலை 1,000 ரூபாய்தான். அதற்கு 18 வீதம் சேர்த்தால் 1,180. அதாவது விற்பனை விலை 2.6 வீதமே கூடவேண்டும். நான் வரிக்கும் சேர்த்து 3 வீதம் கூட்டியிருந்தேன். நான்கரை ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் அது எமது பணமல்ல.

உடனே 3 வீதத்தைக் குறைத்துப் பார்த்தேன். 1,184.50 மீண்டும் 1,150 ஆகவில்லை, 1,148.97 ஆனது. பழைய விலைப்பட்டியலை நான் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. இதற்கிடையில் ஊழியர்கள் சில விலைகளை மாற்றியிருந்தார்கள். எதை யார் மாற்றியது என்பதற்கும் பதிவில்லை. பழைய பற்றுச்சீட்டுகளை வைத்து இரண்டு இரவுகள் விழித்திருந்து திருத்தினோம்.

கடனுக்கு எடுத்தவர்களின் கணக்கில் மேலதிகத் தொகையைக் கழித்தோம். காசுக்கு வாங்கிச் சென்ற முகம் தெரியாதவர்களை எங்கே தேடுவது? மௌலவி ஒருவரிடம் கேட்டு, அத்தொகையைக் கணக்கிட்டு, உரியவர்களின் பெயரால் ஏழைகளுக்குக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து எமது கடையில் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறோம். மொத்தமாக விலை மாற்றுமுன் பழைய பட்டியலைத் திகதியிட்டு வேறாகச் சேமிக்கிறோம். வரியுள்ளவை, வரியில்லாதவை, உச்ச சில்லறை விலை அச்சிடப்பட்டவை என்று பிரித்தே மாற்றுகிறோம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம் என்பதை மறந்துவிடக்கூடாது. முதலில் பத்துப் பொருட்களில் மட்டும் மாற்றி, கையால் போட்ட கணக்குடன் ஒப்பிடுகிறோம். பட்டியலை எக்ஸலில் திருத்துவதானால், பார்கோட் உள்ள நிரலை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றுகிறோம். இல்லாவிட்டால் 13 இலக்கங்களும் சுருங்கி, கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும் அபாயம் உண்டு.

ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனி இரகசியச் சொல் கொடுத்திருக்கிறோம். யார், எப்போது, என்ன விலையை, எதற்காக மாற்றினார் என்பது பதிவாகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம் எமக்குக் கற்றுத்தருகிறது. வாப்பா கொப்பியில் எழுதினார்; நாம் கணனியில் எழுதுகிறோம்.

அந்த ஆசிரியர் இன்றும் எமது கடைக்குத்தான் வருகிறார். பற்றுச்சீட்டை வாசிக்காமல் மட்டும் போவதில்லை.