ஊசிப் பட்டறையிலிருந்து ஒரகடம் வரை

திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் ஒரகடம். ஏரியும் நெல்வயலுமாக இருந்த அப்பகுதி இன்று எத்தன்மையது என்பதை மாணவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ராயல் என்பீல்டு நிறுவனம் 2013ஆம் ஆண்டு ஒரகடத்திலும், 2017ஆம் ஆண்டு அதனையடுத்த வல்லம் வடகாலிலும் தன் ஆலைகளைத் திறந்தது. ஜப்பானிய யமஹா நிறுவனம் 2015இல் வல்லம் வடகாலுக்கு வந்தது. இவ்வாலைகளின் நெடிய மதில்களைக் கடந்து செல்வோர், இவை தொடக்கம் முதலே பெருநிறுவனங்களாக இருந்தவை என எண்ணுவது இயல்பு. உண்மையில் ஒன்று தையல் ஊசியில் தொடங்கியது. மற்றொன்று பழுதுபட்ட இசைப்பெட்டி ஒன்றில் தொடங்கியது.

இங்கிலாந்தின் ரெட்டிச் என்னும் ஊர் ஊசித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே ஜார்ஜ் டவுன்சென்ட் என்பாரின் ஊசிப் பட்டறை 1851ஆம் ஆண்டில் தோன்றியது. கம்பியை இழுத்து, நறுக்கி, துளையிட்டு, கூராக்கிப் பழகிய அப்பட்டறையினர் பின்னாளில் மிதிவண்டி உறுப்புகளைச் செய்தனர். அதன்பின் மிதிவண்டியையே செய்தனர். 1891இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் ஆகிய இருவர் அதனை ஏற்றனர். என்பீல்டு என்னும் ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு நுண்ணுறுப்புகள் செய்து தரும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. அப்பெருமை கருதி அவ்வூர்ப் பெயரையே தம் மிதிவண்டிக்கும் சூட்டினர். 1857ஆம் ஆண்டில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்று இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் ஒருங்கே கொதித்தெழுந்தார்களே, அத்தோட்டா இவ்வூர்ப் பெயர் தாங்கிய துப்பாக்கிக்கு உரியதே. வரலாறு சில பெயர்களை எங்கிருந்து எங்குக் கொண்டுவந்து சேர்க்கிறது!

1901இல் அந்நிறுவனம் மிதிவண்டியின் சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தித் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தமையால் திருவொற்றியூரில் புல்லட் வண்டி உருவாகலாயிற்று. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது, சென்னையில் நிற்கவில்லை. தாய்வீடு மூடிய பின்னும் மகள்வீட்டில் அடுப்பு எரிந்தது.

யமஹாவின் கதை இதனினும் எளியது. 1887இல் ஜப்பானின் ஹமமட்சு நகரப் பள்ளி ஒன்றில் ஆர்கன் இசைப்பெட்டி பழுதானது. அதனைச் செப்பனிட வந்தவர் தொரகுசு யமஹா. திறந்து பார்த்துச் சரிசெய்தவர், இதுபோல் ஒன்றை நாமே செய்யலாகாதா என்று எண்ணிச் செய்து பார்த்தார். இசைக்கருவி நிறுவனம் அவ்வாறு பிறந்தது. அதிலிருந்து மோட்டார் நிறுவனம் 1955இல் தனியாகப் பிரிந்தது. மின்விசையின் துணையோடு மிதித்துச் செல்லும் மிதிவண்டியை 1993இல் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்ததும் அந்நிறுவனமே.

செப்பனிடுவோர் செய்வோராக மாறிய இந்நிகழ்ச்சி ஜப்பானில் தனித்த ஒன்றன்று. பழைய ஜப்பானிய மிதிவண்டிகளைப் பேணுவோர் இன்றும் மதிக்கும் பெயர் மியாட்டா. அதன் நிறுவனர் எய்சுகே மியாட்டா 1881இல் டோக்கியோவில் துப்பாக்கிப் பட்டறை தொடங்கியவர். வெளிநாட்டார் ஒருவர் தம் மிதிவண்டியைச் செப்பனிடுமாறு அவரிடம் கொண்டுவந்தார். அக்காலத்தில் அங்கே மிதிவண்டிக் கடை ஏது? இரும்புக் குழலின் இயல்பறிந்தவர் துப்பாக்கிக் கொல்லரே. பழுது நீங்கிற்று, ஆசை நீங்கவில்லை. 1890இல் துப்பாக்கிக் குழல்களையே சட்டமாக இணைத்து மியாட்டா தம் முதல் மிதிவண்டியைச் செய்தார். பின்னர் அயல்நாட்டுத் துப்பாக்கிகள் மலிந்து உள்நாட்டுத் தொழில் நலிந்தபோது, மிதிவண்டியே அப்பட்டறைக்குச் சோறிட்டது.

சக்காய் நகரமும் துப்பாக்கிக் கொல்லர் வாழ்ந்த பழைய ஊர். அங்கே 1921இல் சோசபுரோ சிமானோ சிறு பட்டறை தொடங்கினார். அவர் முழு வண்டி செய்ய முனையவில்லை. பின்சக்கரத்துப் ஃப்ரீவீல் ஒன்றையே செய்தார். மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடுகிறதல்லவா? அப்போது 'டிக் டிக்' என்றொரு ஒலி எழுகிறதல்லவா? பல்வளையத்தினுள் இரண்டொரு சிறு நாக்குகள் உள்ளன. முன்னோக்கி மிதிக்கையில் அவை பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கின்றன; மிதி நின்றதும் பற்களின்மேல் வழுக்கிச் செல்கின்றன. அவ்வழுக்கலின் ஒலியே அது. நாக்கு சிறிது தேய்ந்தாலும் பெடல் வெறுமனே சுழலும். இச்சிற்றுறுப்பில் தேர்ந்தவர் வழிவந்த நிறுவனம் இன்று உலக மிதிவண்டிகளுக்கு உறுப்பு அனுப்புகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தாரும் கூடி 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் அமைந்தது. அது செய்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில் பழகாத தமிழர் அரியர். பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு பர்மிங்காம் சிற்றாயுதங்கள் என்பதாகும். இங்கும் துப்பாக்கியே!

அவ்வண்டிகளை வாங்கி வாடகைக்கு விட்டோருள் நம் சமுதாயத்தார் பலர். பள்ளிவாசல் தெருவிலோ கடைவீதி முனையிலோ 'பாய் சைக்கிள் கடை' இல்லாத ஊர் உண்டா? மட்கார்டில் எழுதிய எண், நேரம் குறித்த நோட்டுப் புத்தகம், தொட்டித் தண்ணீரில் குமிழியிடும் ட்யூப், ஓவராயிலிங் செய்யக் கழற்றிப் பரப்பிய பால்ரஸ் குண்டுகள் ஆகியவற்றை மூத்தோர் நினைவுகூர்வர். மியாட்டாவுக்கும் யமஹாவுக்கும் வாய்த்த அதே கைத்திறன் இவர்களுக்கும் இருந்தது. ஆயினும் இக்கடைகளுள் ஒன்றேனும் ஒரு பெடலையோ ஒரு ஃப்ரீவீலையோ செய்து விற்றதாக நாம் கேள்வியுற்றதில்லை. ஏன்?

குழாயும் இயந்திரமும் பெருமுதல் வேண்டுவன, ஆகவே இயலவில்லை என்பது பாதி விடையே. லூதியானாவில் அது இயன்றது. 1944இல் அமிர்தசரசில் மிதிவண்டி உறுப்பு வணிகம் தொடங்கிய முஞ்சால் உடன்பிறந்தார் பின்னர் லூதியானா சென்று, ஒவ்வோர் உறுப்பாகச் செய்வித்து, 1956இல் முழு மிதிவண்டிக்கு வந்தனர். அதன் பெயர் ஹீரோ. 1986இல் உலகிலேயே மிகுதியாக மிதிவண்டி செய்யும் நிறுவனம் என்னும் பெயரும் அதற்குக் கிட்டியது. இதில் நம் வாசகர் அறியாத செய்தி ஒன்றுண்டு. மிதிவண்டி இருக்கைகள் செய்து 'ஹீரோ' என்ற பெயரில் விற்றவர் கரீம் தீன் என்னும் முஸ்லிம் கைவினைஞர். 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் புறப்பட்டவரிடம் நண்பராகிய ஓம் பிரகாஷ் முஞ்சால் அப்பெயரைக் கேட்க, அவர் மறுக்காது தந்து சென்றார். முஞ்சால் குடும்பத்தாரே இதனை நூலில் பதிந்துள்ளனர்.

நம்மவர்க்குக் குறைந்தது கைத்திறன் அன்று, கூட்டு முதல் என்பதே நம் கருத்து. வட்டிக்கு அஞ்சி வங்கிப் படியேறாதவர் பலர், அவ்வச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் ஒருவர் முதலும் மற்றொருவர் உழைப்பும் கூடி இலாபத்தைப் பகிரும் முளாரபா முறை நம் மார்க்கத்திலேயே உள்ளதே! தோல் தொழிலில் நம்மவர் ஆலைகள் கண்டனர். ஆம்பூரும் வாணியம்பாடியும் அதற்குச் சான்று. கடைசல் இயந்திரம் ஒன்று வாங்கித் தந்து, 'பாய், அந்த ஃப்ரீவீலை நீங்களே செய்து பாருங்கள்' என்று சைக்கிள் கடைக்காரரிடம் சொன்ன செல்வரைத்தான் காணோம். இதனைக் கூறுவதால் பெரியோர் நம்மீது வருந்தலாகாது.

அண்மையில் நாம் அறிந்த பழைய கடை ஒன்றுக்குச் சென்றோம். வாடகை வண்டிகள் போய்ப் பல்லாண்டுகள் ஆயின. பஞ்சர் வேலை மட்டும் உண்டு. கடைக்காரரின் பேரன் ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் பணி செய்கிறான். "சக்கரத்தில் பெண்டு எடுக்கக் கற்றுக் கொடுத்தார்களா?" என்று பெரியவர் கேட்டார். "இல்லை நன்னா, அதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும், எனக்கு நான்கு போல்ட்டு முறுக்கும் வேலை" என்றான் பேரன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல், கோணிய சக்கரம் ஒன்றைத் தாங்கியில் மாட்டி, போக்ஸ் கம்பி முறுக்கும் சாவியை அவன் கையில் கொடுத்தார். அவன் சுழற்றிப் பார்த்து, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று விரலால் ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினான்.