எடையற்ற வெளியில் இயக்கம்: அறிபுனை நிகழ்பட விளையாட்டுகளில் நடப்பியல்

ஆய்வுச் சுருக்கம்

அறிபுனை நிகழ்பட விளையாட்டுகள் எடையின்மையைப் பெரும்பாலும் மிதத்தலாகவே சித்திரிக்கின்றன. நிலைமம், பிடிமானம் ஆகிய இரண்டையும் அளவுகோலாகக் கொண்டு அவற்றின் இயக்க முறைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: எடையின்மை, நிலைமம், பிடிமானம், நிகழ்பட விளையாட்டு, நடப்பியல்.

முன்னுரை

பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் புவியைச் சுற்றுகிறது. தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கும் உண்டு. நிலையமும் அதனுள் இருப்போரும் ஒருசேர வீழ்ந்துகொண்டே இருப்பதால்தான் எடை உணரப்படுவதில்லை. ஆகவே, ‘சுழிய ஈர்ப்பு’ என்பதைவிட ‘எடையின்மை’ என்பதே பொருத்தமான கலைச்சொல்லாகும். எடை உணரப்படாவிடினும் நிறை அவ்வாறே இருக்கிறது. ஒன்றை நகர்த்துவதற்கும் நிறுத்துவதற்கும் விசை தேவை.

விண்நடை தரும் சான்று

1966 ஜூனில் ஜெமினி 9ஏ கலத்திலிருந்து வெளிவந்த யூஜின் செர்னான், போதிய பிடிகள் இன்மையால் உடலை நிலைநிறுத்தவே போராடிக் களைத்தார். அதே ஆண்டு நவம்பரில் ஜெமினி 12 பயணத்தில் பஸ் ஆல்ட்ரின், கைப்பிடிகள், பாதப்பிடிகள், நீருக்கடியில் பெற்ற பயிற்சி ஆகியவற்றின் துணையால் தம் பணிகளைச் செவ்வனே முடித்தார். பிடிமானம் இன்றித் திருகாணியைத் திருப்புபவர் தாமே எதிர்த்திசையில் சுழல நேரும் என்பதே இதன் அடிப்படை.

விளையாட்டுகளில் இயக்கம்

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1962இல் உருவான ‘ஸ்பேஸ்வார்!’ விளையாட்டில், உந்துவிசை நின்ற பின்னும் கலம் செல்கிறது. அட்டாரி 1979இல் வெளியிட்ட ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ விளையாட்டிலோ கலம் மெல்ல வேகமிழந்து நின்றுவிடுகிறது. காற்றில்லா வெளியில் புகுந்த இவ்வுராய்வு, கட்டுப்பாட்டை எளிதாக்க நிலைமத்தைக் குறைக்கும் போக்கிற்குத் தொடக்ககாலச் சான்றாகும்.

‘டெட் ஸ்பேஸ்’ (2008) விளையாட்டில் ஐசக் கிளார்க் ஒரு பரப்பிலிருந்து மற்றொரு பரப்பிற்கு நேர்கோட்டில் தாவுகிறார். இடைவழியில் திசைமாற்ற இயலாது. இரண்டாம் பாகம் (2011) அவரது உடையில் உந்துகருவிகளைப் பொருத்தி எத்திசையிலும் பறக்கவிடுகிறது. 2023ஆம் ஆண்டின் மறுஆக்கமும் இம்முறையையே மேற்கொண்டது. காட்சியளவில் பிந்தையது இயல்பாகத் தோன்றினும், புறப்பட்ட பின் பாதையை மாற்றவியலாமை என்னும் இயற்பியல் உண்மையை முந்தையதே பேணுகிறது. உந்துகருவி இருப்பின் திசைமாற்றம் இயலும் என்பது உண்மையே. ஆயினும், பொத்தானை விட்டவுடன் உடல் நிற்குமாயின், அதை நிறுத்திய எதிர்விசை ஆட்டக்காரருக்குப் புலப்பட வேண்டும். அன்றேல், விசை நீங்கின் இயக்கமும் நீங்கும் என்னும் பழைய பிழைக்கருத்தே வலுப்பெறும்.

ரெடி அட் டான் நிறுவனத்தின் மெய்நிகர் விளையாட்டான ‘லோன் எக்கோ’ (2017) மாறுபட்ட வழியைத் தேர்கிறது. சனிக்கோளின் வளையப் பகுதியில் நிகழும் இக்கதையில், ஆட்டக்காரர் சுவர்களையும் கம்பிகளையும் கையால் பற்றி, உந்தி நகர்கிறார். தள்ளிய வேகமே பயண வேகமாகிறது. தவறாகத் தள்ளினால் தவறான இடத்தையே அடைவார். மணிக்கட்டு உந்துகருவிகளும் வேகத்தடுப்பும் இதிலும் உள்ளன. எனினும், இயக்கத்தின் மையம் கையும் பிடியுமே. ஜெமினி பயணங்கள் உணர்த்திய பாடமும் இதுவே.

முடிவுரை

எடையற்ற வெளியின் நடப்பியல் காட்சித் துல்லியத்தால் மட்டும் அமைவதில்லை. தொடங்கிய இயக்கத்தை நிறுத்தும் பொறுப்பு ஆட்டக்காரரிடம் எந்த அளவிற்கு விடப்படுகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. நிலைமத்தைத் தளர்த்துவது வடிவமைப்பாளரின் உரிமை. அத்தளர்வு எங்கு நிகழ்கிறது என்பதைச் சுட்டுவது விளையாட்டுத் திறனாய்வின் கடமையாகும்.