பெயர் பொறிக்காத கொடை
(பள்ளிகளைத் தாங்கிய கைகள் – 9)

அமெரிக்க மிஷனரிமார் 1816-இல் யாழ்ப்பாணம் வந்திறங்கிய கதையைக் கடந்த வாரம் பார்த்தோம். இந்த வாரம் உடுவிலுக்குப் போவோம். அங்கே 1824-இல் ஹரியற் வின்ஸ்லோ தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலைதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் அதுவும் ஒன்று. 2024-இல் அதற்கு 200 வயது நிறைந்தது. இவ்வளவு காலமும் அதன் உலையில் அரிசி போட்டவர்கள் யார்?

முதலில் போட்டவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு குடும்பமோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் உணவுக்கும் படிப்புக்கும் வருடாந்தம் பணம் அனுப்பும். அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமை கொடையாளிக்கு உண்டு. அதே மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சிதம்பரப்பிள்ளை ‘நெவின்ஸ்’ ஆனதும், விசுவநாதபிள்ளை ‘கரோல்’ ஆனதும், சதாசிவம்பிள்ளை ‘ஆனல்ட்’ ஆனதும் இந்த வழக்கத்தால்தான். உடுவில் சிறுமிகளுக்கும் அப்படியே முகம் தெரியாத அமெரிக்கப் பெண்களின் பெயர்கள் வந்தன. பெண்ணைப் படிக்க அனுப்புவதையே குறையாகப் பார்த்த ஊரில், படிப்பை முடிக்கும்வரை அவளை நிறுத்திவைக்க மிஷன் சீதனப் பணமும் கொடுத்தது. அந்தக் கொடை பல பெண்களுக்கு எழுத்தைத் தந்தது. ஆனால் கொடுத்தவரின் அடையாளத்தைப் பெற்றவள் ஆயுள் முழுக்கச் சுமந்தாள்.

1840-இல் நியூயோர்க்கிலிருந்து வந்தவர் எலைசா அக்னியூ. ஏறத்தாழ 40 வருடம் உடுவில் பாடசாலையை நடத்தினார். திருமணம் செய்யவில்லை, தாய்நாட்டுக்கு ஒருதரமும் திரும்பவில்லை. தாயையும் மகளையும் பேத்தியையும் படிப்பித்த ஆசிரியை அவர். ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்று அவரைச் சொன்னார்கள். விடுமுறை நாட்களில் ஊரூராகப் போய்ப் பழைய மாணவிகளின் வீடுகளில் நலம் விசாரிப்பது அவரது வழக்கம். பழைய மாணவிகள் சங்கம் என்ற ஒன்றுக்கு யாப்பும் நிர்வாகக் குழுவும் வருவதற்கு வெகு முன்னரே அதன் உயிர் இந்தப் பயணங்களில் இருந்தது என்பேன். படித்து முடித்துப் போனவளைப் பாடசாலை மறக்கவில்லை. அதனால் அவளும் பாடசாலையை மறக்கவில்லை.

கடல்கடந்த பணத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அனுப்புபவர் மனம் மாறினால் அடுப்பு அணைந்துவிடும். பொஸ்ரனிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு ஒன்றின் முடிவால் வட்டுக்கோட்டைச் செமினரி 1855-இல் மூடப்பட்டது. 1960-இல் உடுவிலுக்கே வேறொரு வடிவில் சோதனை வந்தது. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, உடுவில் தனியார் பாடசாலையாகவே நிற்பது என்று முடிவாயிற்று. அரசு மானியம் நின்றது. கட்டணம் அறவிடுவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. அப்படி நின்ற பாடசாலைகளுக்கு எல்லாம் சபையும் நலன்விரும்பிகளும் பழைய மாணவர்களுமே துணையானார்கள். பின்னர் போர் வந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அந்த வருடங்களில் கொழும்புக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் சிதறிய பெண்கள் பாடசாலையின் பெயரைத் தம்முடன் எடுத்துச் சென்றார்கள்.

இன்று யாழ்ப்பாணத்து மிஷன் மகளிர் கல்லூரி எதையும் எடுத்துப் பாருங்கள், பழைய மாணவிகளின் ஒரு வருடம் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் நடக்கும். வருடத் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. அதற்குக் கிண்ணங்களும் குளிர்பானமும் சங்கத்தின் பொறுப்பு. பிறகு பொதுக்கூட்டம், கணக்கறிக்கை, புதிய நிர்வாகம். நிறுவுநர் நாளில் நடைபவனி. ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருப்பவர்கள் பிள்ளைகளின் விடுமுறையோடும் நல்லூர்த் திருவிழாவோடும் ஊருக்கு வருவார்கள். ஒன்றுகூடல்கள் அப்போதுதான் களைகட்டும். பரிசளிப்பு விழாவுக்கு நினைவுப் பரிசில்கள். குளிர்காலம் தொடங்கும்போது லண்டனிலும் ரொறன்ரோவிலும் இராப்போசன விருந்து, கலைமாலை, அதிர்ஷ்டலாபச் சீட்டு. மார்கழியில் கரோல் கீதம்.

இந்த வரவெல்லாம் எங்கே போகிறது? கட்டடம் கேட்டால் பணம் விரைவில் சேர்கிறது. வாசலில் கல்வெட்டு இருக்கும், திறப்பு விழாவில் நாடா வெட்டலாம். ஆனால் பாடசாலையை நாளாந்தம் நடத்துவது வேறு செலவுகள். விடுதியின் இரவுச் சாப்பாடு, சங்கம் நியமிக்கும் தொண்டர் ஆசிரியையின் மாதக் கொடுப்பனவு, ஆய்வுகூட இரசாயனம், ஒழுகும் கூரை, மலசலகூடத் தண்ணீர் மோட்டர், தகப்பனை இழந்த பிள்ளையின் சப்பாத்து. இவற்றில் ஒன்றிலும் பெயர் பொறிக்க இடமில்லை. 2022-இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டியபோது, வெளியிலிருந்து வந்த பணம் ரூபாயில் பெருத்தது. அதே வேகத்தில் அரிசியும் எரிவாயுவும் ஏறின. ஒருமுறை வரும் பெருந்தொகையைவிட மாதம் தவறாது வரும் சிறுதொகை எவ்வளவு பெரியது என்பதை விடுதிகளை நடத்தியவர்கள் அன்று கண்டார்கள்.

அதனால் பழைய மாணவிகள் சங்கங்களிடம் இந்தத் தொடர் வழியாக மூன்று வேண்டுகோள்கள். சேரும் நிதியில் ஒரு பங்கை வைப்பிலிட்டு, வட்டியை மட்டும் அன்றாடச் செலவுக்கு ஒதுக்குங்கள். அதிபரிடமும் விடுதிப் பொறுப்பாளரிடமும் தேவையைக் கேட்ட பிறகே திட்டத்தை எழுதுங்கள். புலமைப்பரிசில் பெறும் சிறுமியை மேடையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். 200 வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை படிப்புக்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்தாள். இன்று அங்கே படிக்கும் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் அதே பாடசாலையில் படித்தவர்கள். அதே விடுதிச் சோற்றைச் சாப்பிட்டவர்கள். கொடையாளி யார் என்று தெரியாமலே ஒரு பெண்பிள்ளை படித்து முடித்துப் போகலாம். அவள் யாருக்கும் கடன்பட்டவள் இல்லை. தனக்கு அடுத்து வருபவளுக்குக் கொடுக்க வேண்டிய முறை மட்டும் அவளுக்கு உண்டு.

அடுத்த வாரம்: மூடப்பட்ட செமினரியின் மாணவர்கள் முன்னின்று 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரியை உருவாக்கிய வரலாறு.

(தொடரும்)