கடலில் மூழ்காத சரக்கு காகிதத்தில் மூழ்கும்!

புதிதாக வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவோர் அறிய வேண்டியவை

கரூரில் நெய்த திரைச்சீலை ஜெர்மனியில் ஒரு வீட்டு ஜன்னலில் தொங்குகிறது. திருப்பூரில் தைத்த பனியனை அமெரிக்காவில் ஒரு பையன் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். இவை கப்பல் ஏறிப் போன சரக்குகள்.

ஏற்றுமதி என்றால் பெரிய முதலாளிகளின் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி அல்ல. நாலு தறி வைத்திருப்பவரும் ஏற்றுமதி செய்யலாம். மசாலாப் பொடி அரைத்து விற்கும் பெண்மணியும் செய்யலாம். சட்டம் யாரையும் தடுக்கவில்லை.

புதிதாக இறங்குகிறவருக்குக் கடலைக் கண்டு பயம். புயல் வருமோ, கப்பல் கவிழுமோ என்று கவலைப்படுவார். அந்தக் கவலைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆனால், ஒரு காகிதத்தை நேரத்துக்கு முன்னால் கையை விட்டுவிட்டால்? சரக்கும் போகும், பணமும் வராது. வீட்டு நகையை அடகு வைத்து நூல் வாங்கியவர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்!

வ.உ.சி. காட்டிய வழி

1906-ம் ஆண்டில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட்டது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். சுதேசிக் கம்பெனி நொடித்தது.

இன்று அந்தத் துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். அவர் கப்பல் விட்ட அதே கொழும்புக்கு, தூத்துக்குடியிலிருந்து சரக்குப் பெட்டிகள் இன்றும் போகின்றன. பல பெட்டிகள் அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றப்பட்டு, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணப்படுகின்றன.

இரும்புப் பெட்டி

முன்பெல்லாம் மூட்டை மூட்டையாகச் சரக்கைக் கப்பலில் ஏற்றினார்கள். ஏற்ற ஒரு வாரம், இறக்க ஒரு வாரம் ஆகும். நனைவதும் உண்டு, திருட்டுப் போவதும் உண்டு.

இதை மாற்றியவர் அமெரிக்காவில் லாரிக் கம்பெனி நடத்திய மால்கம் மெக்லீன். சரக்கை எதற்காகப் பத்துத் தடவை ஏற்றி இறக்க வேண்டும்? பெட்டியோடு தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன? 1956 ஏப்ரல் 26-ம் தேதி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கண்டெய்னர் என்ற இரும்புப் பெட்டியின் காலம் அன்று பிறந்தது.

இந்தப் பெட்டிகளில் 20 அடி, 40 அடி என்று இரண்டு நீளங்களே மிகுதி. 20 அடிப் பெட்டிக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம் இருக்கும்.

அவ்வளவு சரக்கு இல்லாதவர் என்ன செய்வது? பலருடைய சரக்கை ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பும் முறை இருக்கிறது. அவரவர் இடத்துக்கு அவரவர் கட்டணம்.

எடையா, இடமா?

இங்கேதான் புதியவர் முதலில் ஏமாறுகிறார். எடைக்குத்தான் கூலி என்று நினைத்து, லாபக் கணக்குப் போட்டுவிடுகிறார்.

ஒரு அட்டைப் பெட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 50 உயரம் என்று வைத்துக்கொள்வோம். எடை 12 கிலோ. இப்படி 50 பெட்டிகள். மொத்த எடை 600 கிலோதான். ஒரு டன் கூட இல்லை. ஆனால் அவை அடைக்கும் இடம் 6 கன மீட்டர். பங்குப் பெட்டியில் ஒரு டன்னா, ஒரு கன மீட்டரா, எது அதிகமோ அதற்குத்தான் கூலி. ஆகவே அவர் கொடுக்க வேண்டியது ஆறு பங்கு!

விமானத்திலும் இதே கதைதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 6000-ஆல் வகுப்பார்கள். மேலே சொன்ன அட்டைப் பெட்டிக்கு 20 கிலோ வரும். உண்மை எடை 12 கிலோ என்றாலும் 20 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். காற்றுக்குக் கூலி கொடுக்காமல் அடக்கிக் கட்டத் தெரிந்தவருக்கே லாபம்.

முதல் படி

ஏற்றுமதிக்கு முதலில் வேண்டியது ஒரு எண். இறக்குமதி – ஏற்றுமதிக் குறியீட்டு எண் என்று பெயர். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநர் அலுவலகம் இதைக் கொடுக்கிறது. வருமான வரிக்கான பான் எண்ணே இதற்கும் எண்ணாக வரும். அரசாங்கக் கட்டணம் 500 ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால், மிச்சம் இடையில் இருப்பவரின் கூலி என்று அறிக. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் செயலற்றுப் போகும்.

மிளகாய், மஞ்சள் போன்றவற்றை அனுப்ப நறுமணப் பொருள் வாரியத்திலும் பதிவு செய்ய வேண்டும்.

ஜி.எஸ்.டி. வரி? ஏற்றுமதிச் சரக்குக்கு வரிச்சுமை கிடையாது. முன்கூட்டியே உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், வரி கட்டாமலே அனுப்பலாம்.

சுங்க இலாகாவில் சரக்கு விவரத்தைக் கம்ப்யூட்டர் மூலம் தாக்கல் செய்ய வேண்டும். அதை 'ஷிப்பிங் பில்' என்பார்கள். இந்த வேலைக்கு சுங்க இலாகாவின் லைசென்சு பெற்ற ஏஜெண்டுகள் துறைமுகத்தில் இருக்கிறார்கள். லைசென்சு உண்டா என்று பார்த்துப் பிடிப்பது நல்லது.

பலகையிலும் சட்டம்

துணியைக் கட்டுவது மரப்பலகை என்றால், அந்தப் பலகைக்கும் சட்டம் உண்டு! மரத்துக்குள் இருக்கும் வண்டும் புழுவும் நாடு விட்டு நாடு போய்க் காடுகளை அழிக்கின்றன. அதனால் பலகையின் உட்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிடம் இருக்கும்படி பதப்படுத்த வேண்டும். அல்லது அதற்கென்று உள்ள மருந்துப் புகை போட வேண்டும். பிறகு கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத பலகையோடு போனால், நல்ல சரக்கும் அந்நியத் துறைமுகத்தில் நின்றுவிடும்.

மூன்று எழுத்து

விலை பேசும்போது 'எப்.ஓ.பி.', 'சி.ஐ.எப்.' என்று மூன்று எழுத்துச் சொல் வரும். பாரிசில் உள்ள சர்வதேச வர்த்தக சபை 1936-ல் இந்தச் சொற்களுக்கு விதி வகுத்தது. 2020-ல் வந்த பதிப்பில் 11 விதிகள் இருக்கின்றன.

எப்.ஓ.பி. என்றால், கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் விற்பவருக்கு. கப்பல் கூலி வாங்குபவருக்கு.

சி.ஐ.எப். என்றால், சரக்கு விலையோடு இன்ஷூரன்சும் கப்பல் கூலியும் விற்பவர் தலையில். இதை அறியாமல், எப்.ஓ.பி. விலையைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு சி.ஐ.எப். என்று கையெழுத்துப் போட்டால், லாபம் முழுவதும் கப்பல் கூலியில் கரைந்துவிடும்.

கப்பல் ரசீது

எல்லாவற்றிலும் முக்கியமானது 'பில் ஆப் லேடிங்' என்ற கப்பல் ரசீது. சரக்கு கப்பலில் ஏறியதும் கப்பல் கம்பெனி இதைக் கொடுக்கும். வழக்கமாக மூன்று அசல்கள் இருக்கும். அவற்றில் ஒன்றைக் காட்டி ஒருவர் சரக்கை எடுத்துவிட்டால், மற்ற இரண்டும் வெறும் காகிதம்.

இது வெறும் ரசீது அல்ல, வீட்டுப் பத்திரம் போன்றது. யார் கையில் அசல் இருக்கிறதோ, அவருக்கே சரக்கு.

வெளிநாட்டு வியாபாரி இனிக்க இனிக்கப் பேசுவார். "ரசீதை நேராக எனக்கு அனுப்புங்கள், பணம் அடுத்த வாரம் வரும்" என்பார். அனுப்பினால் என்ன ஆகும்? அவர் சரக்கை எடுத்துக்கொண்டு போவார். அடுத்த வாரம் என்பது வராமலே போனாலும் போகலாம். ஏழாயிரம் மைலுக்கு அப்பால் போய் யாரிடம் வழக்குப் போடுவது?

ரசீது பாங்கி வழியாகத்தான் போக வேண்டும். வாங்குபவர் தம்முடைய பாங்கியில் பணம் கட்டிய பிறகு ரசீதைப் பெறட்டும். அதுவே முறை.

விமானத்தில் அனுப்புகிறவர் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விமான ரசீது சொத்துப் பத்திரம் ஆகாது. அதில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் அசல் இல்லாமலே சரக்கை எடுத்துக்கொள்ளலாம். பணம் வராத நிலையில், வாங்குபவரின் பாங்கியிடம் சம்மதம் கேட்டு, அந்தப் பாங்கியின் பெயருக்கே சரக்கை அனுப்புவது உண்டு.

ஒரு எழுத்துப் பிழை

பணத்துக்கு உறுதி வேண்டும் என்றால் 'எல்.சி.' கேட்கலாம். வாங்குபவருக்காக அவருடைய பாங்கி கொடுக்கும் வாக்குறுதி அது. சொன்னபடி காகிதங்கள் வந்தால் பணம் தருவோம் என்று பாங்கி எழுதிக் கொடுக்கும்.

'சொன்னபடி' என்பதைக் கவனிக்க வேண்டும். பாங்கி சரக்கைப் பார்ப்பதில்லை. காகிதத்தை மட்டுமே பார்க்கும். எல்.சி.யில் 500 பெட்டி என்று இருந்து, ரசீதில் 498 என்று இருந்தால் பணத்தை நிறுத்தலாம். கப்பல் ஏற்றும் கடைசித் தேதி ஒரு நாள் தவறினாலும் நிறுத்தலாம். வேறு தேதி சொல்லாவிட்டால், சரக்கு ஏறிய 21 நாட்களுக்குள் காகிதங்களைப் பாங்கியில் கொடுத்தாக வேண்டும்.

காகிதம் தவறிவிட்டால், வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார். இதற்குள் பெட்டி அந்நியத் துறைமுகத்தில் கிடக்கும். நாளுக்கு நாள் வாடகையும் தாமதக் கட்டணமும் ஏறும். திருப்பிக் கொண்டுவரவும் கூலி வேண்டும். வேறு வழியின்றி, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு அழுதவர்கள் உண்டு.

கப்பலும் சிக்கும்

2021 மார்ச் 23-ம் தேதி, 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் நீளமுள்ள கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. அதில் சுமார் 18,300 பெட்டிகள் இருந்தன. ஆறு நாள் உலகமே கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்ச் 29-ல் மீட்டார்கள். ஆனாலும் நஷ்டஈடு கேட்டு எகிப்து அந்தக் கப்பலை ஜூலை 7 வரை விடவில்லை.

கப்பல்காரர் 'பொதுச் சேதம்' அறிவித்தார். அது என்ன? ஆபத்திலிருந்து கப்பலை மீட்க ஆன செலவை, கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பழைய கடல் சட்டம் அது. தன் துணி நனையாவிட்டாலும் பங்கு கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் செய்திருந்தால் அந்தக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். செய்யாதவர் ரொக்கம் கட்டினால்தான் பெட்டி கிடைக்கும்.

ஆகவே இன்ஷூரன்ஸ் வீண் செலவு அல்ல. சரக்கு விலை, கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டி, அதற்கு மேல் பத்து சதவீதம் சேர்த்துச் செய்வது வழக்கம்.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. அதன்பின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி ஐரோப்பா போயின. பத்து நாளுக்கு மேல் கூடுதலாக ஆயிற்று. இன்ன தேதிக்குச் சரக்கு வரும் என்று அடித்துச் சொல்லாமல், சில வாரம் தள்ளியே வாக்குக் கொடுப்பது அறிவு.

வாங்கியவர் திவாலானால்?

அதற்கும் அரசாங்க ஏற்பாடு உண்டு. 1957-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம், இன்று 'இ.சி.ஜி.சி.' என்ற பெயரில் நடக்கிறது. வாங்குபவர் பணம் தராமல் போனாலும், அந்த நாட்டில் யுத்தம் வந்தாலும், பாலிசி எடுத்தவருக்கு நஷ்டத்தில் பெரும்பகுதி கிடைக்கும். பாலிசியைச் சரக்கு ஏறுமுன் எடுக்க வேண்டும். நிபந்தனைகளையும் படித்துப் பார்க்க வேண்டும்.

அனுப்புமுன் ஐந்து கேள்வி

பெட்டியைப் பூட்டி முத்திரை வைக்குமுன், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஐந்து கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

வாங்குபவர் யார் என்று விசாரித்தாயிற்றா?

விலை எதுவரை, எப்.ஓ.பி.யா, சி.ஐ.எப்.பா?

எல்.சி.யில் உள்ள பெயர், எண், தேதி எல்லாம் நம் காகிதத்தோடு ஒத்துப்போகின்றனவா?

இன்ஷூரன்ஸ் உண்டா?

கப்பல் ரசீது எந்தக் கை வழியாகப் போகிறது?

ஐந்துக்கும் பதில் தெரிந்தால் தைரியமாக அனுப்பலாம். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும், அந்தக் கப்பலை விட்டுவிட்டு அடுத்த கப்பலைப் பிடிக்கலாம். கப்பல் மறுபடி வரும். கைமுதல் போனால் திரும்புவது கஷ்டம்!